கல்லய்யா இருந்த கல்

களத்துமேடு, மானாம்பதி வழி
12 ஜூன் 2024

மரியாதைக்குரிய ராயப்பன் சாமிக்கு, ஆல்பர்ட்டின் தோத்திரம்.

இருசப்பன் மகன் ஆல்பர்ட். கொத்தனார். களத்துமேட்டுக் கோயிலைத் திறந்து மூடுகிற கோயில்பிள்ளை. இவ்வளவு சொல்லியும் ஆள் தெரியவில்லை என்றால் உங்களுக்கு நிஜமாகவே வயதாகிவிட்டது. முதலில் போன்தான் பண்ணினேன். உங்கள் மடத்தில் ஒரு சிஸ்டர் எடுத்து, சாமிக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, எழுதிப் போட்டால் படிப்பார் என்றார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் ஓட்டுக் கோயிலை இடிக்கப் போகிறார்கள். பக்கத்திலேயே புதுக் கோயிலுக்குத் தளம் போட்டாகிவிட்டது. நான்தான் மேஸ்திரி. செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள் அன்று ஆயர் வந்து புதுக் கோயிலை மந்திரித்துத் திறக்கிறார். காலனியில் நாற்பது வீடும் தலைகால் புரியாமல் திரிகிறது. நானும் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

பீடக்கல்லைப் பற்றித்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முழ நீளக் கருங்கல், மேலே ஐந்து சிலுவை, நடுவில் மூடி வைத்த சின்னக் குழி. குழிக்குள் வேதத்துக்காக உயிர் விட்ட ஒரு வேதசாட்சியின் எலும்பு இருக்கிறது, அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது என்று நீங்கள் பிரசங்கத்தில் சொன்னீர்கள். பெயர் இல்லாவிட்டால் என்ன, நம் ஜனங்கள் அவருக்குக் கல்லய்யா என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் பெரிய வியாழன் அன்று பீடத்துணியை எடுத்ததும் வரிசையில் நின்று அந்தக் கல்லில் நெற்றியை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தானே கல் வெளியே தெரிகிறது.

புதுச் சாமியார் தினேஷ்குமார் நல்லவர். ஆனால் எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்கிறவர். கல்லைத் திறந்து எலும்பை எடுத்துப் புதுப் பீடத்தில் வைக்கப் போகிறாராம். என்னைத்தான் திறக்கச் சொல்கிறார். அதைத் திறக்கலாமா சாமி? திறக்காமல் அப்படியே புதுப் பீடத்துக்கு அடியில் கட்டிவிட்டால் குற்றமா? கொத்தனார் என்ற முறையில் கேட்கிறேன்.

ஷீபா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

ஆல்பர்ட்

*

குருக்கள் ஓய்வு மடம், சேலம் பக்கம்
21 ஜூன் 2024

அன்புள்ள ஆல்பர்ட்டுக்கு ஆசீர்.

காதுதான் போயிருக்கிறது. உன்னை மறக்கும் அளவுக்கு மற்றதெல்லாம் போகவில்லை. உன் கையெழுத்து உன் அப்பா கையெழுத்து மாதிரியே சாய்ந்து விழுகிறது. இங்கே காலையில் ஓட்ஸ் கஞ்சி, இரவிலும் ஓட்ஸ் கஞ்சி. எழுபத்தொன்பது வயதில் இதற்குமேல் எழுத என்னிடம் செய்தி இல்லை.

கல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். ஆதியில் நம்மவர்கள் வேதசாட்சிகளின் கல்லறை மேலேயே பூசை வைத்தார்கள். செத்தவனுடைய சாட்சியின் மேல் நின்றுதான் ஜெபம் என்று நினைத்தார்கள். கல்லறைக்குப் போக முடியாத தூரத்துக்கு வேதம் போனபோது கல்லறையையே சின்னதாக்கிக் கையோடு எடுத்துப் போனார்கள். அதுதான் பீடக்கல். நம் பக்கம் முதலில் வந்த வெள்ளைக்காரச் சாமியார் அதை மாட்டு வண்டியில் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். எந்தக் களத்தில் ஒரு மேசை கிடைத்ததோ அதன் மேல் வைத்துப் பூசை செய்தார். ஐந்து சிலுவை என்பது ஐந்து காயம். நடுவில் உள்ள குழிக்குக் கல்லறை என்றே பெயர்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. எலும்பு இல்லாமலும் பீடம் பீடம்தான். வைத்தால் உண்மையானதாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வைக்கவே கூடாது. ஆகையால் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. பழைய கல்லை அப்படியே கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிடலாம். அதுதான் மரியாதை. நான் சொன்னதாக தினேஷ்குமார் சாமியாரிடம் சொல்.

ஷீபாவுக்கு என் ஆசீர். உங்களுக்கு மந்திரம் ஓதிக் கல்யாணம் செய்து வைத்தவன் நான். உங்கள் மகள் ஜெனிஃபர்தான் அந்தப் பங்கில் நான் ஞானஸ்நானம் கொடுத்த கடைசிப் பிள்ளை. அவள் தவறிப்போன செய்தி வந்தபோது நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

ராயப்பன்

*

களத்துமேடு
2 ஜூலை 2024

சாமிக்கு,

திறக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. உடனே கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் தினேஷ்குமார் சாமியாரிடம் காட்டினேன். அவர் மரியாதையாகப் படித்துவிட்டு, பெரியவர் சொல்வது சரிதான், ஆனால் உள்ளே நிஜமான எலும்பு இருக்கும்போது ஜனங்களிடமிருந்து அதைப் பிடுங்கிப் புதைப்பது பாவம் இல்லையா என்று கேட்டார். கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். இதைப் பாவசங்கீர்த்தனமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லை நான் ஏற்கெனவே திறந்துவிட்டேன்.

2013 அக்டோபர். பிள்ளைக்கு ஒன்பது வயது. நாலு நாளாக நூற்று மூன்று காய்ச்சல். வெள்ளிக்கிழமை காலையில் உத்திரமேரூர் டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, இது டெங்கு, ரத்தத்தில் தட்டணு குறைகிறது, இன்றைக்கே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தோம். ஷீபா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மொதல்ல கல்லய்யாவைக் கொண்டாந்து அவ மேல வையி. அப்புறம் எங்க வோணா இட்டுனு போ" என்றாள். கல்லைத் தொட்ட கையால் பிள்ளையைத் தொட்டால் போதாதா என்றேன். போதாது என்றாள்.

எனக்குப் பத்து நிமிஷ வேலை. காலனி முழுக்க நடவுக்குப் போயிருந்தது. நல்ல மத்தியானம். உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன், மூடி பெயர்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை சாமி. ஓரத்தில் கொஞ்சம் மெழுகு. ஒரு துண்டு சிவப்பு நூல். விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். கல்தான் தட்டுப்பட்டது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு வெறும் கையோடு அவள் முன்னால் போய் நிற்கத் தைரியம் வரவில்லை. கோயில் சுவருக்குப் பூச சலித்த மணல் வெளியே கொட்டியிருந்தது. சல்லடையில் நிற்கும் கழிவில் வெள்ளைக் கூழாங்கல் கிடக்கும், செய்யாற்று மணலில் எப்போதும் கிடப்பதுதான். புளியங்கொட்டை அளவில் ஒன்றை எடுத்தேன். அந்தச் சிவப்பு நூலைச் சுற்றி, பஞ்சில் பொதிந்து கொண்டுபோய் இதுதான் என்றேன். பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் அவளே கட்டினாள்.

ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் விட்டது.

இதை நீங்கள் நம்ப வேண்டும். சாயங்காலம் பிள்ளை எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டாள். ஷீபா ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பையைப் பிரித்துத் துணியை மடித்து வைத்தாள். நான் தடுக்கவில்லை. என் கையால் குப்பையிலிருந்து பொறுக்கிய கல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நானே அந்தக் கல்லை நம்பிவிட்டேன். சனிக்கிழமை முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஞாயிறு சாயங்காலம் மூக்கில் ரத்தம் வந்தது. செங்கல்பட்டு போகும் வழியில் ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்தே ஆரம்பிக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஷீபா கல்லய்யாவைக் கோபிக்கவில்லை. "ரெண்டு நாளு சிரிச்சுக்கினு இருந்தா இல்ல. அது அவரு குடுத்தது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அதை அவிழ்த்து வெள்ளித் தாயத்தில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். பதினோரு வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. அவளைப் பொறுத்தவரை கல்லய்யா எங்கள் வீட்டில் இருக்கிறார், எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். காலிக் குழியை நான் பூசி மூடிவிட்டேன். அதன் மேல்தான் என் மகளின் அடக்கப் பூசை நடந்தது. அந்தப் பூசை செல்லுமா சாமி?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நூறு வருஷத்துக் கல் என்றால் மூடியைச் சுண்ணாம்பு வைத்துத்தான் பதித்திருப்பார்கள். நான் பெயர்த்தது சிமெண்ட். அன்றைக்கு இருந்த நிலையில் அது மனதில் ஏறவில்லை. இப்போது நினைக்க நினைக்க உறைக்கிறது. எனக்கு முன்னால் யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். யார் சாமி?

ஆல்பர்ட்

*

ஓய்வு மடம்
24 ஜூலை 2024

அன்புள்ள ஆல்பர்ட்டுக்கு,

தாமதமாக எழுதுகிறேன். உடம்பு சரியில்லை என்று எழுத நினைத்தேன். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது.

தபாலில் பாவசங்கீர்த்தனம் கிடையாது. நீ எழுதினாய், நான் படித்தேன், அவ்வளவுதான். பாவமன்னிப்பு வேண்டுமானால் நேரில் வா. காது கேட்காதவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்காதே, ஒரு சிலேட்டு வைத்திருக்கிறேன்.

உன் மகளின் பூசை செல்லும். அதில் துளியும் சந்தேகம் வேண்டாம். குழியில் எலும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூசை செல்லும், மர மேசை மேல் வைத்தாலும் செல்லும். இதை நான் சாமியாராகச் சொல்கிறேன், சமாதானத்துக்காகச் சொல்லவில்லை.

ஷீபாவிடம் சொல்லிவிடு. வேறு வழி இல்லை. பதினோரு வருஷம் ஒரு பெண்ணைக் கூழாங்கல்லைக் கும்பிட வைத்திருக்கிறாய். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. நான் குடும்பம் நடத்தியவன் இல்லை.

சிமெண்ட் விஷயம் கேட்டிருந்தாய். பழைய கோயில், எத்தனையோ பேர் எத்தனையோ பழுது பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் இப்போது கிளற வேண்டாம்.

ராயப்பன்

*

களத்துமேடு
3 ஆகஸ்ட் 2024

சாமிக்கு,

மூன்று வாரம் காக்க வைத்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஷீபாவிடம் சொல் என்று எழுதுவது சுலபம். சொல்ல வேண்டிய வாய் என்னுடையது. நேரில் வரச் சொன்னீர்கள், வந்திருக்கலாம். சேலத்துக்கு பஸ் இல்லாமலா போய்விட்டது? பயம்தான். உங்களிடம் வந்து சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டால் அடுத்து அவளிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அதற்குள் இங்கே எல்லாம் கைமீறிப் போய்விட்டது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் தினேஷ்குமார் சாமியார் ஜனங்களிடம், கல்லைத் திறக்கும் நாளில் எல்லாரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஷீபா எழுந்தாள். "கல்லுல ஒண்ணும் இல்ல சாமி. கல்லய்யா எங்க வூட்ல கீறாரு" என்றாள். பிள்ளைக்காக என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார், தப்புதான், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள், புதுக் கோயிலுக்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். என்னைக் காப்பாற்றுவதற்காக அவ்வளவு பேர் முன்னால் பேசினாள். அதுவரை அவள் கோயிலில் வாய் திறந்து ஜெபம்கூடச் சொன்னதில்லை.

சாமியார் கண் கலங்கிவிட்டார். தாயத்தை வாங்கிப் போனில் போட்டோ எடுத்துவிட்டு, மந்திரிக்கும் நாள் வரை நீங்களே வைத்திருங்கள் அக்கா என்று திருப்பிக் கொடுத்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அன்று முதல் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். நெற்றியை வைக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிவந்து தொட வைக்கிறார்கள்.

நேற்று பின் தெரு திவ்யா கைக்குழந்தையோடு வந்தாள். நெருப்பாகக் கொதிக்கிறது. டாக்டரிடம் காட்டினாயா என்றேன். "கல்லய்யா வச்சா வுட்டுடும்னு அக்கா சொல்லிச்சி" என்றாள். சட்டை போடவும் நிற்காமல் தாயையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றி உத்திரமேரூருக்குக் கொண்டுபோனேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் ஷீபா, கல்லய்யா மேல் உனக்கு எப்போது நம்பிக்கை விட்டுப் போச்சு என்று கேட்டாள். சொல்ல வாயைத் திறந்தேன். தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

எலும்பு உண்மையானதுதான் என்று உங்களிடம் ஒரு வரி எழுதி வாங்க வேண்டுமாம். சாமியார் உங்களுக்கு எழுதுகிறார். என்ன பதில் போடுவீர்களோ தெரியாது. கேட்டதையே திரும்பக் கேட்கிறேன். எனக்கு முன்னால் திறந்தது யார்? பழைய பழுது என்று கதை சொல்ல வேண்டாம். பூசியிருந்த விதத்தைப் பார்த்தேன். கொத்தனார் வேலை இல்லை அது. கரண்டி பிடித்துப் பழகாத கை.

ஆல்பர்ட்

*

ஓய்வு மடம்
19 ஆகஸ்ட் 2024

ஆல்பர்ட்டுக்கு,

பழகாத கை என்னுடையதுதான்.

1999. பங்கின் பெரிய கோயிலில் புதுப் பளிங்குப் பீடம் கட்டினார்கள். அதற்கு ஒரு எலும்பு வேண்டும், மேலிடத்துக்கு எழுதிப் போட்டால் வர வருஷக்கணக்கில் ஆகும் என்ற பேச்சு வந்தது. கோயில் கமிட்டியில் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். களத்துமேட்டில் ஒன்று சும்மா கிடக்கிறதே, மாதம் ஒரு பூசை வைக்கிற காலனிக் கோயிலுக்கு வேதசாட்சி எதற்கு என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் ஆல்பர்ட். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் நானே வந்து திறந்தேன். உன் அப்பா இருசப்பனிடம் ஒரு டப்பா சிமெண்டும் கரண்டியும் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாமி கேட்டால் கொடுக்க வேண்டியதுதான் என்று நினைத்திருப்பார். குழியை நானே பூசிவிட்டு எலும்பை எடுத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் அந்தக் காலிக் கல்லின் மேல் பூசை வைத்தேன். பெரிய வியாழன்தோறும் உங்கள் ஜனங்கள் அதில் நெற்றியை வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர்கள் மனம் நோகக் கூடாது என்று சொல்லாமல் விட்டேன் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன் அப்பா முகத்தில் விழிக்கப் பயம்.

திருப்பிக் கொடுக்கலாம் என்று விசாரித்தேன். அந்தப் பளிங்குப் பீடத்தையும் எட்டு வருஷம் முன்பு இடித்துவிட்டு கிரானைட் போட்டிருக்கிறார்கள். எலும்பு எங்கே போனது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. லாரியில் போன இடிபாட்டோடு போயிருக்கலாம்.

நீ உளியை எடுத்த அன்று அது உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பார்த்தேன். அப்போதும் காய்ச்சல் அதே நேரத்தில்தான் விட்டிருக்கும். அப்போதும் நீங்கள் பையைப் பிரித்திருப்பீர்கள். ஆனால் நீ அவளிடம் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்தப் பொய் என் கணக்கில் சேர வேண்டியது.

திவ்யாவின் குழந்தையைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு மௌனமாக இருக்க முடியாது. தினேஷ்குமார் சாமியாருக்கு முழுவதையும் எழுதிவிட்டேன். 1999-ல் நான் எடுத்துவிட்டேன், அதற்குப் பிறகு அந்தக் கல்லில் எதுவும் இல்லை, அந்த அம்மாளிடம் இருப்பதைப் பீடத்தில் வைக்கக் கூடாது, யாரும் அதைத் தொட்டுப் பிழைக்கப் போவதும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அவருக்கு எழுதியதை ஆபீஸ் சிஸ்டர் மடத்துத் தபால்களோடு ஸ்பீட் போஸ்ட்டில் போட்டுவிட்டார். உன்னுடையதற்கு என்னிடமே ஸ்டாம்ப் இருக்கிறது, சாயங்காலம் நடந்துபோய்ப் பெட்டியில் போடுகிறேன். இரண்டும் இன்றைக்கே கிளம்புகின்றன.

அவர் வாய்வழியாக ஷீபாவுக்குத் தெரியக் கூடாது. இது கைக்கு வந்த உடனே, கை கழுவக்கூட நிற்காமல், போய் அவளிடம் சொல்லிவிடு. முதலில் என்னைச் சொல். பிறகு உன்னைச் சொல்.

ராயப்பன்

*

களத்துமேடு
15 செப்டம்பர் 2024

சாமிக்கு,

உங்கள் கடிதம் ஆகஸ்ட் 26-ஆம் தேதி வந்தது. தினேஷ்குமார் சாமியாருக்கு 21-ஆம் தேதியே வந்துவிட்டது. எழுபத்தொன்பது வயதில் ஸ்பீட் போஸ்ட் சீக்கிரம் போகும் என்பது உங்களுக்குத் தெரியாதா? திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத எழுத அதுவும் வரவில்லை. எனக்குப் பதினோரு வருஷம் இருந்தது. ஐந்து நாளை உங்கள் தலையில் கட்டி என்ன ஆகப் போகிறது?

21-ஆம் தேதி சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தேன். சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் உங்கள் கடிதம். என்னிடம் தனியாகப் பேசலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் ஷீபாவுக்கும் இது ஒரே அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். குழியில் கிடந்த ஏதோ துணுக்கை எலும்பு என்று நம்பி எடுத்துவந்து ஏமாந்தவனாகத்தான் என்னையும் நினைத்தார். இருவரையும் உட்கார வைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, நல்லவிதமாகத்தான் படித்தார். 1999-லேயே எடுத்தாகிவிட்டது என்ற இடம் வந்ததும் ஷீபா நிறுத்தச் சொன்னாள். விரல் விட்டு எண்ணினாள். ஜெனிஃபர் பிறந்தது எப்போது, போனது எப்போது என்று அவளுக்குத் தெரியாதா?

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்போ நீ கொண்டாந்தது இன்னா?"

சொன்னேன். சல்லடை, மணல், புளியங்கொட்டை அளவு, எல்லாம் சொன்னேன். பதினோரு வருஷம் வராதது இரண்டு நிமிஷத்தில் வந்து முடிந்துவிட்டது. சாமியார் கடிதத்தை மடிக்கவும் தெரியாமல் நின்றார். ஷீபா அழவில்லை. கத்துவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்போ அந்த ரெண்டு நாளு யாரு குடுத்தது?"

அவளே பதிலும் சொன்னாள். "யாரும் குடுக்கல. அது ஆஸ்பத்திரிக்குப் போவ வேண்டிய ரெண்டு நாளு."

அவ்வளவுதான் சாமி. இத்தனை வருஷமாக அவள் வைத்திருந்தது அந்த இரண்டு நாள்தான். பிள்ளை ரசம் சாதம் கேட்டது, டிவி பார்த்துச் சிரித்தது, எல்லாம் ஒருத்தர் மனமிரங்கிக் கொடுத்தது என்று வைத்திருந்தாள். அதையும் நான் எடுத்துவிட்டேன். நீங்கள் எடுத்தது எலும்பு. எலும்பு போனதில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சாமியார் தயங்கித் தயங்கி, இனிமேல் ஜனங்கள் இதைக் கும்பிடக் கூடாது அக்கா, தாயத்தை நான் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடுகிறேன் என்றார். அவள் கழற்றிக் கொடுத்தாள். அவர் வாசலைத் தாண்டும்போது எழுந்துபோய்த் திரும்ப வாங்கிக்கொண்டாள். "கல்லுதான் சாமி. யாருக்கும் காட்ட மாட்டேன். அவ இடுப்புல கெடந்த கல்லு" என்றாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் பழையசீவரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பையில் துணி எடுத்து வைக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பை அன்றைக்குப் பிரித்த அதே பைதான். போன் அடித்தால் எடுப்பதில்லை. போன வாரம் நேரில் போனேன். அண்ணன் வாசலுக்கே வந்து, வேண்டாம் மாப்ள, போய்டுங்க என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். உள்ளே அவள் நடமாடும் சத்தம் கேட்டது.

எட்டாம் தேதி ஆயர் வந்து மந்திரித்தார். பீடத்துக்கு அடியில் எதுவும் வைக்கவில்லை. நான் பதித்த கல், மட்டம் சரியாக இருக்கிறது. காலனி ஜனங்கள் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். சில பேர் என்னைக் கண்டால் தெரு மாறிப் போகிறார்கள். திவ்யா மட்டும் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பழைய கல்லை நீங்கள் சொன்ன மாதிரி கல்லறைத் தோட்டத்தில் புதைத்தேன். ஜெனிஃபர் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே வைக்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று தோன்றியது. என் அப்பா கால்மாட்டில் புதைத்துவிட்டேன். கோயில் சாவியை அன்றைக்கே சாமியாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வேண்டாம் என்றார், மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பொய் உங்கள் கணக்கில் சேர வேண்டியது என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் சாமி, என்னிடமே இருக்கட்டும். மன்னிப்புக்கு நேரில் வரச் சொன்னீர்கள். வர மாட்டேன். உங்கள் சிலேட்டில் நான் எழுதி, நீங்கள் படித்து, துணியால் துடைத்துவிடுவீர்கள். அவள் துடைக்க வேண்டியதை நீங்கள் துடைத்து என்ன பிரயோஜனம்?

உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. கஞ்சியைக் குடித்துவிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போட வேண்டும் என்று தோன்றினால் உங்களிடம் இருக்கும் ஸ்டாம்பையே ஒட்டிப் பெட்டியில் போடுங்கள். இனி இங்கே அவசரமாக வந்து சேர வேண்டியது ஒன்றும் இல்லை.

ஆல்பர்ட்